ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பவர்களுக்கு: சாப்பாடு, கொலஸ்ட்ரால், அழற்சி, முதுமை

ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் முடிவுத் தாளை எடுத்துக் கொடுக்கும் வேலையை 18 வருடம் பார்த்தேன். தாளை வாங்குபவர் முதலில் தடித்த எழுத்தில் அச்சாகியிருக்கும் எண்ணைப் பார்ப்பார். அடுத்து என் முகத்தைப் பார்ப்பார். அப்புறம் கேள்வி வரும். ஆள் மாறினாலும் கேள்வி மாறாது. நான் மருத்துவர் இல்லை. கேட்பவர்களுக்கு உளறிவைக்கக் கூடாதே என்று படித்தும், தெரிந்தவர்களிடம் கேட்டும் சேர்த்துவைத்த பதில்கள் இவை. மருந்தை மாற்றுவதும் நிறுத்துவதும் உங்கள் மருத்துவரின் வேலை.

கொலஸ்ட்ரால் என்றாலே விஷம்தானே? அது உடம்பில் எதற்கு இருக்கிறது?

விஷம் இல்லை. ஒவ்வொரு செல்லின் மேலுறையிலும் கொலஸ்ட்ரால் இருக்கிறது. பித்தநீர், வைட்டமின் டி, ஆண் பெண் ஹார்மோன்கள் எல்லாம் அதை வைத்துத்தான் உருவாகின்றன. இவ்வளவு தேவையான பொருளுக்கு உடல் சாப்பாட்டை நம்பிக் காத்திருப்பதில்லை. பெரும்பகுதியைத் தானே தயாரித்துக்கொள்கிறது.

ஆனால் கொழுப்பு ரத்தத்தில் கரையாது. அதனால் புரதத்தோடு சேர்த்துக் கட்டிய சின்னச் சின்ன மூட்டைகளாகத்தான் அது உடலைச் சுற்றி வருகிறது. எல்டிஎல் என்னும் மூட்டைகள் ரத்தத்தில் அதிகமானால் சில ரத்தக்குழாயின் உட்சுவருக்குள் புகுந்து தங்கிவிடுகின்றன. பல வருடங்கள் இப்படிச் சேர்ந்து சேர்ந்துதான் அடைப்பு உண்டாகிறது.

தாளில் ஐந்தாறு எண் இருக்கிறது. எதைப் பார்த்துப் பயப்பட வேண்டும்?

முதலில் எல்டிஎல். அடுத்து ஒரு சின்னக் கழித்தல் கணக்கு: மொத்தக் கொலஸ்ட்ராலில் இருந்து எச்டிஎல்லை (கொலஸ்ட்ராலைக் கல்லீரலுக்குத் திருப்பிக் கொண்டுபோகும் மூட்டைகள்) கழியுங்கள். மீதி வருவதில்தான் குழாய்ச் சுவரில் தங்கக்கூடிய எல்லா மூட்டைகளும் அடங்கியிருக்கின்றன. மொத்தக் கொலஸ்ட்ரால் எண்ணை மட்டும் பார்த்துப் பதறியவர்கள் நிறைய. அதில் பாதிப் பேருக்கு எச்டிஎல் நன்றாக இருந்ததால்தான் மொத்தம் கூடித் தெரிந்திருக்கும்.

பக்கத்தில் அச்சாகியிருக்கும் ‘சரியான அளவு’ எல்லாருக்கும் பொதுவாகப் போட்டது. உங்களுக்குச் சர்க்கரை நோய் இருக்கிறதா, ஏற்கெனவே மாரடைப்பு வந்ததா என்று அந்தத் தாளுக்குத் தெரியாது. அப்படிப்பட்டவர்களுக்கு மருத்துவர் வைக்கும் இலக்கு அதைவிடக் குறைவாக இருக்கும். வெளிநாட்டுத் தாளில் எல்டிஎல் 3.4 என்று இருந்தால் ‘ஆகா, எவ்வளவு குறைவு’ என்று மகிழ வேண்டாம். அது மில்லிமோல் கணக்கு. 38.7 ஆல் பெருக்கினால் நமக்குப் பழகிய மில்லிகிராம் எண் வரும், ஏறக்குறைய 132.

முட்டை சாப்பிடலாமா? மஞ்சள் கருவை எடுத்துவிட வேண்டுமா?

நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். ஒரு பெரிய முட்டையில் சுமார் 185 மில்லிகிராம் கொலஸ்ட்ரால் இருக்கிறது, எல்லாம் மஞ்சள் கருவில். 1968-ல் அமெரிக்க இதயச் சங்கம் ஒரு நாளைக்கு 300 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்றது. உலகம் முழுக்க மஞ்சள் கரு குப்பைக்குப் போனதற்கு அந்த எண்தான் பெரிய காரணம். 2015–2020-க்கான அமெரிக்க அரசின் உணவு வழிகாட்டியில் அந்த 300 காணாமல் போனது. சாப்பாட்டில் வரும் கொலஸ்ட்ரால் கூடினால் பெரும்பாலானவர்களின் உடல் தன் உற்பத்தியைக் குறைத்துச் சமாளித்துவிடுகிறது என்பதுதான் காரணம். சிலருக்கு மட்டும் குடல் அதிகமாக உறிஞ்சும், அவர்களுக்கு ரத்த அளவும் ஏறும்.

நாளுக்கு ஒரு முட்டை பெரும்பாலானவர்களுக்குப் பிரச்சினை இல்லை. சர்க்கரை நோயோ, பரம்பரையாகவே உயர் கொலஸ்ட்ராலோ இருப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். என்னிடம் கேட்டவர்களிடம் நான் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: முட்டையை எதில் பொரித்தீர்கள், கூட என்ன சாப்பிட்டீர்கள்? வெண்ணெயும் கொழுத்த இறைச்சியும் தட்டில் இருக்க, பழி மட்டும் முட்டை மேல் விழும்.

அப்படியானால் எல்டிஎல்லை ஏற்றுவது எது?

நிறைவுற்ற கொழுப்பு. வெண்ணெய், கிரீம், கொழுப்புள்ள இறைச்சி, பாமாயில், தேங்காய் எண்ணெய் ஆகியவற்றில் அதிகம். கல்லீரலின் மேற்பரப்பில் எல்டிஎல் மூட்டைகளைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பிகள் இருக்கின்றன. இவற்றைக் கண்டறிந்த மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985-ல் நோபல் பரிசு கிடைத்தது. நிறைவுற்ற கொழுப்பு அதிகமாகச் சாப்பிட்டால் இந்த ஏற்பிகளின் வேலை குறைகிறது. பிடிக்க ஆள் குறைந்தால் மூட்டைகள் ரத்தத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். சாப்பாட்டில் இருந்து பெறும் ஆற்றலில் நிறைவுற்ற கொழுப்பு 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2000 கலோரி சாப்பிடுபவருக்கு அது சுமார் 22 கிராம். ஒரு மேசைக்கரண்டி வெண்ணெயிலேயே 7 கிராம் போய்விடும்.

அதைவிட மோசம் டிரான்ஸ் கொழுப்பு. திரவ எண்ணெயைக் கெட்டியாக்க ஹைட்ரஜனைப் பாதியளவு ஏற்றும்போது உருவாவது. எல்டிஎல்லை ஏற்றும், கூடவே எச்டிஎல்லை இறக்கும். டென்மார்க் 2003-லேயே இதற்குச் சட்டத்தால் கடிவாளம் போட்டது. 2018-ல் உலக சுகாதார நிறுவனம் எல்லா நாடுகளும் ஒழிக்க வேண்டும் என்றது. பாக்கெட்டின் பின்பக்கம் ‘பகுதி ஹைட்ரஜனேற்றம்’ என்று இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். இதில் ‘அளவோடு’ என்ற பேச்சுக்கு இடமில்லை.

வெண்ணெய், பாலாடை எல்லாம் நிறுத்திவிட்டேன். ரிப்போர்ட் அப்படியே இருக்கிறதே?

நிறுத்திய இடத்தில் என்ன வைத்தீர்கள்? எல்லாரும் ‘எதை விட வேண்டும்’ என்று கேட்கிறார்கள், இதைக் கேட்பவர் குறைவு. வயிறு காலி இடத்தை விடாது. ஒன்றை எடுத்தால் இன்னொன்று வந்து உட்காரும்.

வெண்ணெயை விட்டுவிட்டு ‘கொழுப்பில்லாத’ பிஸ்கட்டுக்கும் வெள்ளை ரொட்டிக்கும் மாறினால் எல்டிஎல் கொஞ்சம் இறங்கலாம். ஆனால் ரத்தத்தில் ஓடும் இன்னொரு வகைக் கொழுப்பான டிரைகிளிசரைடு ஏறும், எச்டிஎல் இறங்கும், இதயத்துக்கு லாபம் ஏதும் இருக்காது. அதே இடத்தில் சூரியகாந்தி, சோயா மாதிரியான எண்ணெய்களோ, வால்நட்டோ, மீனோ வந்தால் எல்டிஎல்லும் இறங்கும், மாரடைப்பு அபாயமும் குறையும். ‘நிறைவுற்ற கொழுப்பு கெட்டதே இல்லை என்று நிரூபித்துவிட்டார்கள்’ என்று அவ்வப்போது செய்தி வரும். அதில் பாதிக் குழப்பம் இங்கேதான். எதோடு ஒப்பிட்டார்கள் என்பதைச் சொல்லாமல் விட்டிருப்பார்கள்.

எந்த எண்ணெய் நல்லது? விதை எண்ணெய்கள் அழற்சியைக் கூட்டும் என்கிறார்களே?

ஆலிவ், கனோலா, சூரியகாந்தி, சோயா எல்லாமே வெண்ணெயோடும் பாமாயிலோடும் ஒப்பிட்டால் எல்டிஎல்லைக் குறைப்பவை. விதை எண்ணெய் மேல் வரும் குற்றச்சாட்டு இது: அதில் உள்ள லினோலிக் அமிலம் உடலில் அராகிடோனிக் அமிலமாகி, அழற்சியைத் தூண்டும் பொருள்களாக மாறும். காகிதத்தில் எழுதிப் பார்த்தால் சரியாகத்தான் வருகிறது. ஆட்களுக்குக் கொடுத்து ரத்தத்தில் அளந்து பார்த்தபோது அழற்சிக் குறியீடுகள் ஏறவில்லை. அந்த மாற்றத்தை உடல் இறுக்கிப் பிடித்துத்தான் அனுமதிக்கிறது.

எதிர்த்தரப்பு காட்டும் ஆய்வும் ஒன்று உண்டு, மறைக்க வேண்டாம். 1960-களின் கடைசியில் அமெரிக்காவின் மினசோட்டாவில் வெண்ணெய் வகைகளுக்குப் பதில் சோள எண்ணெய் கொடுத்துப் பார்த்தார்கள். கொலஸ்ட்ரால் இறங்கியது, மரணங்கள் குறையவில்லை. 2016-ல் அந்தப் பழைய தரவுகளைத் தூசி தட்டி வெளியிட்டார்கள். ஆனால் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் கொஞ்ச காலத்திலேயே வெளியேறிவிட்டார்கள். வருடக்கணக்கில் உருவாகும் நோயை அதை வைத்து எடைபோடுவது கடினம். மற்ற ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்துத்தான் நான் முந்தைய பதிலில் சொன்ன பக்கம் நிற்கிறேன். ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சிப் பொரிப்பது வேறு விஷயம். அதற்கு எந்த எண்ணெயும் தாங்காது.

ஓட்ஸ் உண்மையிலேயே கொலஸ்ட்ராலைக் குறைக்குமா, விளம்பரமா?

குறைக்கும், ஆனால் விளம்பரம் சொல்லும் அளவுக்கு இல்லை. ஓட்ஸிலும் பார்லியிலும் பீட்டா குளுக்கான் என்ற கரையும் நார்ச்சத்து இருக்கிறது. அது குடலில் கூழ் மாதிரி ஆகிப் பித்தநீரைத் தன்னோடு இழுத்துக்கொண்டு வெளியேறும். கல்லீரல் புதிதாகப் பித்தநீர் தயாரிக்க வேண்டும். முதல் கேள்வியில் சொன்னபடி அதற்கு மூலப்பொருள் கொலஸ்ட்ரால். எனவே ரத்தத்தில் இருந்து எல்டிஎல்லைக் கூடுதலாக இழுத்துக்கொள்ளும்.

நாளுக்கு 3 கிராம் பீட்டா குளுக்கான் தேவை. அதற்கு 75 கிராம் அளவு உலர்ந்த ஓட்ஸ் சாப்பிட வேண்டும். எல்டிஎல் சுமார் 5 சதவீதம் இறங்கும். பருப்பு, பயறு வகைகள், ஆப்பிள், இசப்பகோல் உமி ஆகியவையும் இதே வழியில் வேலை செய்கின்றன. திடீரென்று கூட்டினால் வயிறு உப்பும். இரண்டு மூன்று வாரத்தில் படிப்படியாக ஏற்றுங்கள், தண்ணீரும் அதிகம் குடியுங்கள். சர்க்கரை போட்டு வரும் சுவையூட்டிய பாக்கெட் ஓட்ஸ் பற்றிக் கேட்காதீர்கள், எனக்குக் கோபம் வரும்.

மாத்திரை இல்லாமல் சாப்பாட்டாலேயே குறைத்துவிட முடியுமா?

கனடாவின் டொராண்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் குழு 2003-ல் வெளியிட்ட சோதனை ஒன்று இருக்கிறது. கரையும் நார்ச்சத்து, சோயா புரதம், பாதாம், தாவர ஸ்டெரால் (கொலஸ்ட்ராலை ஒத்த தாவரப் பொருள்) ஆகிய நான்கையும் ஒன்றாகச் சேர்த்து ஒரு மாதம் கொடுத்தார்கள். எல்டிஎல் ஏறக்குறைய 29 சதவீதம் இறங்கியது. லோவாஸ்டாட்டின் மாத்திரை எடுத்த குழுவுக்கு 31. அடேயப்பா என்று தோன்றும். ஆனால் அங்கே சாப்பாட்டை அளந்து அவர்களே கொடுத்தார்கள். 2011-ல் அதே குழு, ஆலோசனை மட்டும் சொல்லி மக்களை அவரவர் வீட்டில் ஆறு மாதம் சாப்பிடவிட்டபோது கிடைத்தது 13 சதவீதம் அளவுதான். இரண்டு எண்ணையும் சேர்த்து நினைவில் வையுங்கள். முதலாவது சாப்பாட்டின் பலம், இரண்டாவது நம்முடைய பலம்.

எல்டிஎல் 145 உள்ள, வேறு நோய் இல்லாத ஒருவருக்கு அந்த 13 சதவீதமே போதுமானதாக இருக்கலாம். 190-க்கு மேல் உள்ளவருக்கோ மாரடைப்பு வந்தவருக்கோ போதாது. அவர்களுக்கு மாத்திரையோடு சேர்ந்து சாப்பாடும் உதவும். ‘ஓட்ஸ் சாப்பிடுகிறேன், மாத்திரையை நிறுத்திவிட்டேன்’ என்று என்னிடம் பெருமையாகச் சொன்னவர்களின் அடுத்த ரிப்போர்ட்டை நானே எடுத்துக் கொடுத்திருக்கிறேன். சொல்லும்படி இருக்காது.

சாப்பாட்டை மாற்றினால் எத்தனை நாளில் தெரியும்?

எல்டிஎல் இரண்டு மூன்று வாரத்திலேயே நகர ஆரம்பிக்கும். இருந்தாலும் 6 முதல் 12 வாரம் கழித்துப் பாருங்கள். ஒரே ஆளுக்கு, ஒன்றும் மாறாமலே, இந்த எண் 5 முதல் 10 சதவீதம் மேலும் கீழும் ஆடும். 138 என்பது 131 ஆனதற்கு விருந்து வைக்கவும் வேண்டாம், 144 ஆனதற்கு அழவும் வேண்டாம். முடிந்தால் ஒவ்வொரு முறையும் ஒரே கூடத்தில் பாருங்கள்.

வெறும் வயிற்றில்தான் ரத்தம் கொடுக்க வேண்டுமா?

பல நாடுகளில் இப்போது கட்டாயமில்லை. சாப்பிட்ட பிறகு அதிகம் மாறுவது டிரைகிளிசரைடு மட்டும்தான். ஆனால் பல கூடங்கள் எல்டிஎல்லை நேரடியாக அளப்பதில்லை. மொத்தத்தில் இருந்து எச்டிஎல்லையும், டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்து எழுதுகிறார்கள். 1972-ல் வந்த சூத்திரம் அது. டிரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் அந்தக் கணக்கு செல்லாது. டிரைகிளிசரைடு கூடுதலாக உள்ளவர்கள் வெறும் வயிற்றில் வருவதே நல்லது.

எண்ணெயே சேர்ப்பதில்லை, டிரைகிளிசரைடு 280. எப்படி?

சர்க்கரை, இனிப்புப் பானங்கள், பழச்சாறு, தீட்டிய தானியம், மது. உடனே செலவழியாத மாவுச்சத்தையும் சர்க்கரையையும் கல்லீரல் கொழுப்பாக மாற்றி ரத்தத்தில் ஏற்றிவிடுகிறது. மேலே வெண்ணெய்க் கேள்வியில் பார்த்த அதே கதைதான். எண்ணெயை எடுத்த இடத்தில் தானியம் வந்து உட்கார்ந்திருக்கும். நல்ல செய்தி என்னவென்றால், தாளில் சாப்பாட்டுக்கு மிக வேகமாக இறங்கிவரும் எண் இதுதான். மதுவையும் இனிப்பையும் நிறுத்தினால் சில வாரங்களில் கண்கூடாகத் தெரியும். 500-க்கு மேல் போனால் கணையம் பாதிக்கப்படலாம், அப்போது காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

நான் ஒல்லி, இறைச்சியும் தொடுவதில்லை. எனக்கு எப்படி எல்டிஎல் 200?

உடம்பின் பருமனும் எல்டிஎல்லும் நாம் நினைக்கும் அளவுக்குக் கைகோத்து நடப்பதில்லை. ஏறக்குறைய 250 பேரில் ஒருவருக்குப் பிறவியிலேயே ஏற்பிகளில் குறை இருக்கிறது. பெற்றோர், உடன்பிறந்தவர் யாருக்காவது இளம் வயதில் மாரடைப்பு வந்திருந்தால் அதைக் கட்டாயம் மருத்துவரிடம் சொல்லுங்கள். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் எல்டிஎல் ஏறும். பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் காலத்தில் சாப்பாடு மாறாமலே ஏறும். இறைச்சி இல்லாத சாப்பாட்டிலும் வெண்ணெயும் கிரீமும் தாராளமாக நுழையலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

லிப்போபுரோட்டீன் ஏ என்று, எல்டிஎல் மாதிரியான இன்னொரு மூட்டையை அளக்கும் சோதனை உண்டு. சுமார் ஐந்தில் ஒருவருக்கு அது உயர்ந்திருக்கும். பெரும்பாலும் பரம்பரை சார்ந்தது. என்ன சாப்பிட்டாலும் பெரிதாக அசையாது. வாழ்நாளில் ஒருமுறை பார்த்தால் போதும்.

காபி குடித்தால் கொலஸ்ட்ரால் ஏறுமா?

எப்படிப் போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. காபிக் கொட்டையின் எண்ணெயில் கஃபெஸ்டால் என்ற பொருள் இருக்கிறது, அது எல்டிஎல்லை ஏற்றும். தூளைக் கொதிக்கவைத்து அப்படியே குடித்தால் முழுதும் உள்ளே போகும். காகித வடிகட்டி அதைப் பிடித்துக்கொள்ளும், உலோக வடிகட்டி விட்டுவிடும். உடனடிக் காபியில் மிகக் குறைவு. நாளுக்கு ஐந்தாறு கோப்பை வடிகட்டாமல் குடிப்பவருக்கு இது கவனிக்க வேண்டிய விஷயம்.

அழற்சி என்றால் என்ன? எனக்கு வீக்கம் வலி எதுவுமே இல்லையே?

காயம் பட்ட இடம் சிவந்து, சூடாகி, வீங்குகிறதே, அது அழற்சி. உடலின் காவல் படை வேலை செய்கிறது என்று அர்த்தம். வேலை முடிந்ததும் அடங்கிவிட வேண்டும். அடங்காமல், வெளியே தெரியாமல், சாம்பலுக்குள் கனல் மாதிரி வருடக்கணக்கில் இருப்பதைத்தான் நாட்பட்ட அழற்சி என்கிறார்கள். வயதோடு இது கூடுவதைக் கவனித்த இத்தாலிய விஞ்ஞானி கிளாடியோ ஃபிரான்செஸ்கி 2000-ல் அழற்சியையும் முதுமையையும் ஒட்டவைத்து ஒரு புதுச் சொல்லே உண்டாக்கினார்.

எல்டிஎல் கதையும் இதுவும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. குழாய்ச் சுவரில் தங்கிய மூட்டையை அந்நியப் பொருள் என்று நினைத்து வெள்ளணுக்கள் விழுங்க வருகின்றன. விழுங்கி, உப்பி, அங்கேயே கிடக்கின்றன. அடைப்பு இப்படித்தான் தொடங்குகிறது. அடைப்பின் மேல்மூடி மெலிந்து வெடிப்பதற்கும் அழற்சியே காரணமாகிறது.

சிஆர்பி கூடியிருக்கிறது. எந்த உணவு அதைக் குறைக்கும்?

சிஆர்பி என்பது அழற்சி கூடினால் ரத்தத்தில் ஏறும் ஒரு புரதம். முதலில் அது எந்தச் சிஆர்பி என்று பாருங்கள். இதய அபாயத்துக்குப் பார்ப்பது நுண்ணளவு சிஆர்பி. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழ் இருந்தால் அபாயம் குறைவு, 3-க்கு மேல் இருந்தால் அதிகம். 10-க்கு மேல் போனால் பெரும்பாலும் சளி, காய்ச்சல், பல் சீழ் மாதிரி ஏதாவது நடக்கிறது என்று பொருள். ஒருவர் 14 வந்துவிட்டது என்று கலங்கிப்போய் நின்றார். பேசும்போதெல்லாம் கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். பல் மருத்துவரிடம் போய்விட்டு ஒரு மாதம் கழித்து வந்தபோது 2.

உணவு என்று பார்த்தால், ஒற்றை உணவு எதுவும் பெரிதாகக் குறைப்பதில்லை. அதிகம் வேலை செய்வது எடை, குறிப்பாக வயிற்றுக்குள் சேர்ந்த கொழுப்பு. அந்தக் கொழுப்பே அழற்சிப் பொருள்களைச் சுரக்கிறது, அது கரையக் கரைய சிஆர்பி இறங்குகிறது. காய்கறி, பழம், பயறு, முழுத் தானியம், கொட்டைகள், மீன், ஆலிவ் எண்ணெய் நிறைந்த மத்தியதரைக் கடல் பாணி உணவு அதற்கு அடுத்தது. புகைப்பதை விடாமல் உணவை மட்டும் மாற்றுவது, ஓட்டைப் படகில் நீர் இறைப்பதுதான்.

மஞ்சள் மாத்திரை, மீன் எண்ணெய் மாத்திரை வாங்கலாமா?

மஞ்சளில் உள்ள குர்க்குமினை உடல் சரியாக உறிஞ்சுவதில்லை. உறிஞ்ச வைப்பதற்காக மிளகுச் சாறு சேர்த்துச் செறிவூட்டிய மாத்திரைகளால் சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்திருக்கிறது. சமையலில் போடுங்கள், மாத்திரையை விட்டுவிடுங்கள்.

மீன் எண்ணெயை நாளுக்கு ஒரு கிராம் வீதம் அமெரிக்காவில் 25,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்துச் சோதித்தார்கள். முடிவு 2018-ல் வந்தது. இதய நோய்களை மொத்தமாகக் குறிப்பிடும்படி குறைக்கவில்லை. மருத்துவர் எழுதும் 4 கிராம் அளவு டிரைகிளிசரைடை இறக்கும், ஆனால் அந்த அளவில் இதயத் துடிப்பு ஒழுங்கு தவறும் அபாயம் கூடுகிறது. வாரம் இரண்டு முறை மீனே சாப்பிடுவது எனக்கு நியாயமாகப் படுகிறது. அங்கேயும் அந்த மீன் தட்டில் இருந்து எதைத் தள்ளிவிட்டது என்பதே பாதி லாபம்.

கொலஸ்ட்ராலா, அழற்சியா, எதை முதலில் கவனிக்க?

சாப்பாட்டைப் பொறுத்தவரை இரண்டுக்கும் தனித்தனிப் பட்டியல் கிடையாது. ஆனாலும் கேள்வி நல்ல கேள்வி. 2017-ல் கனகினுமாப் என்ற மருந்தைச் சோதித்தார்கள். அது எல்டிஎல்லைத் தொடாமல் அழற்சியை மட்டும் அடக்கும். மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 15 சதவீதம் குறைந்தன. அழற்சி வெறும் உடன்பயணி இல்லை, அதுவும் குற்றவாளிதான் என்பது அன்று உறுதியானது. ஆனால் அதே மருந்தால் உயிரைப் பறிக்கும் தொற்றுகளும் கூடின. காவல் படையை முடக்கினால் திருடன் வருவான் அல்லவா?

ஸ்பெயினில் 7447 பேரை வைத்து நடந்த பிரெடிமெட் ஆய்வில், ஆலிவ் எண்ணெயோ கொட்டைகளோ கூடுதலாகச் சேர்த்த மத்தியதரை உணவு இதய நோய்களைச் சுமார் 30 சதவீதம் குறைத்தது. 2013-ல் வெளிவந்த கட்டுரையை, ஆட்களைக் குழு பிரித்ததில் தவறு இருந்ததால் திரும்பப் பெற்று, கணக்கைத் திருத்தி 2018-ல் மறுபடி வெளியிட்டார்கள். முடிவு ஏறக்குறைய அதேதான். அவ்வளவு லாபத்தையும் எல்டிஎல் இறக்கத்தை மட்டும் வைத்து விளக்க முடியாது. சாப்பாட்டின் வேலை ஒரே ஒரு எண்ணில் தெரிந்துவிடாது.

எச்டிஎல் குறைவு. கூட்ட என்ன சாப்பிடலாம்?

கூட்ட அலையாதீர்கள். எச்டிஎல்லை ஏற்றும் மருந்துகள் பல வந்தன. எண் ஏறியது, மாரடைப்பு குறையவில்லை. டோர்செட்ராபிப் என்ற மருந்தில் மரணங்களே கூடி 2006-ல் நிறுத்தினார்கள். மதுவும் எச்டிஎல்லை ஏற்றும், அதை ஒரு காரணமாகச் சொல்லிக் குடிப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். குறைந்த எச்டிஎல் என்பது எடையும் சர்க்கரையும் சரியில்லை என்று காட்டும் விளக்கு. விளக்கைத் துடைத்துப் பயனில்லை. புகையை விட்டு, நடந்து, எடை இறங்கினால் அது தானாக ஏறும்.

குறைவாகச் சாப்பிட்டால் ஆயுள் கூடுமாமே?

எலிகளில் கூடுகிறது. மனிதரில் ஆயுளை அளந்து முடிக்க ஆய்வாளருக்கே ஆயுள் போதாது. இருப்பதில் நல்லது கலெரி என்ற ஆய்வு. பருமன் இல்லாத இருநூற்றுச் சொச்சம் பேரை இரண்டு வருடம் 25 சதவீதம் குறைத்துச் சாப்பிடச் சொன்னார்கள். அவர்களால் முடிந்தது 12 சதவீதம். அதற்கே எல்டிஎல், ரத்த அழுத்தம், சிஆர்பி எல்லாம் இறங்கின. கூடவே தசையும் எலும்பின் அடர்த்தியும் கொஞ்சம் குறைந்தன. நாற்பது வயதில் இது தாங்கும். எழுபதில் தாங்காது என்பதை அடுத்த பதிலில் பாருங்கள்.

அம்மாவுக்கு 78 வயது. கொலஸ்ட்ரால் என்று பாதிச் சாப்பாட்டை நிறுத்திவிட்டோம். சரிதானே?

இந்தக் கேள்விக்கு மட்டும் நான் எழுந்து நின்று பதில் சொல்வேன். அந்த வயதில் பெரிய ஆபத்து தசை கரைவது. தசை போனால் நடை போகும், விழுவார், எலும்பு முறியும், படுக்கையில் கிடந்தால் மிச்சத் தசையும் போகும். முட்டை, பால், மீன், இறைச்சி எல்லாவற்றையும் ‘கொழுப்பு’ என்று நிறுத்தி, கஞ்சியும் ரஸ்க்கும் கொடுத்து வைத்திருப்பார்கள். வெண்ணெய் இடத்தில் பிஸ்கட் வந்த அதே தவறு, ஆனால் விலை பல மடங்கு.

முதியவர்களுக்கு ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும் என்பது நிபுணர் குழுக்களின் பரிந்துரை. 55 கிலோ உள்ளவருக்கு 55 முதல் 66 கிராம். ஒரு முட்டையில் கிடைப்பது 6 கிராம்தான், கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று வேளைக்கும் பிரித்துக் கொடுங்கள். பருப்பு, தயிர், சோயா, மீன், முட்டை எதுவானாலும் அவர் மெல்லக்கூடியதாகவும் விரும்புவதாகவும் இருக்கட்டும். நாற்காலியில் இருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சியும் சேர்ந்தால்தான் அந்தப் புரதம் தசையாகும். சிறுநீரக நோய் இருந்தால் மட்டும் புரத அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். முயற்சி செய்யாமலே எடை இறங்கினால் கொலஸ்ட்ராலைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டு, அது ஏன் என்று பாருங்கள்.

வயதானவர்களுக்குக் கொலஸ்ட்ரால் கூட இருந்தால்தான் ஆயுள் கெட்டி என்று படித்தேன்.

எண்ணைப் பார்த்தால் அப்படித்தான் தெரியும், காரணகாரியம் தலைகீழ். புற்றுநோய், கல்லீரல் நோய், சத்துக்குறைவு எல்லாமே கொலஸ்ட்ராலை இறக்கும். நோய் முதலில் வந்தது, எண் பிறகு இறங்கியது, மரணம் அதற்கும் பிறகு. முதியவர் ஒருவருக்கு மருந்தும் உணவும் மாறாமல் கொலஸ்ட்ரால் சட்டென்று இறங்கினால் அது கொண்டாட வேண்டிய ரிப்போர்ட் இல்லை.

மாவுச்சத்தை அறவே விட்டேன். எடை 9 கிலோ குறைந்தது, சர்க்கரை சரியானது, ஆனால் எல்டிஎல் 120-ல் இருந்து 210. நான் நலமா, இல்லையா?

கேட்டதிலேயே சிக்கலான கேள்வி. எடை, சர்க்கரை, டிரைகிளிசரைடு மூன்றிலும் கிடைத்தது உண்மையான லாபம். எல்டிஎல் ஏறியதும் உண்மையான நஷ்டம். ஒன்று மற்றொன்றை ரத்து செய்யாது. ‘பெரிய துகள் என்றால் ஆபத்தில்லை’ என்ற ஆறுதலை நம்பாதீர்கள். எத்தனை துகள் இருக்கின்றன என்பதே முக்கியம், அதை அப்போ பி என்ற சோதனை சொல்லும். சில சமயம் எடை வேகமாக இறங்கும்போது எல்டிஎல் தற்காலிகமாக ஏறும், எடை நிலைத்த பிறகு மறுபடி பாருங்கள்.

அப்போதும் இறங்காவிட்டால், மாவுச்சத்து இருந்த இடத்தில் என்ன உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். வெண்ணெய், கிரீம், பன்றிக் கொழுப்பு என்றால் அவற்றை எடுத்துவிட்டு ஆலிவ் எண்ணெய், கொட்டைகள், மீன் வையுங்கள். கொஞ்சம் பயறும் முழுத் தானியமும் திரும்பி வரட்டும். பலருக்கு எடை ஏறாமலே எல்டிஎல் இறங்கிவிடுகிறது.

மாத்திரை எடுக்கிறேன். எதையாவது தவிர்க்க வேண்டுமா?

சிம்வாஸ்டாட்டின், அட்டோர்வாஸ்டாட்டின் எடுப்பவர்கள் கிரேப்ஃப்ரூட் பழத்தையும் சாற்றையும் தவிர்ப்பது நல்லது. திராட்சை இல்லை, ஆரஞ்சு வகையைச் சேர்ந்த புளிப்புப் பழம் அது. மருந்தைச் சிதைக்கும் நொதியைத் தடுத்து, ரத்தத்தில் மருந்தின் அளவைக் கூட்டிவிடும். ‘இயற்கை’ என்று விற்கும் சிவப்பு ஈஸ்ட் அரிசி மாத்திரையும் வேண்டாம். அதில் உள்ள மொனகோலின் கே என்பது லோவாஸ்டாட்டினேதான். ஒரே வகை மருந்தை இரண்டு பெயரில் விழுங்குவதாகிவிடும்.

இந்த முறை எல்லாம் நார்மல். இனி பழையபடி சாப்பிடலாமா?

அந்த நார்மல், கடந்த மூன்று மாதச் சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் வந்த எண். பழைய சாப்பாட்டுக்கு வரும் எண் பழைய தாளில் இருக்கிறது, வீட்டில் பத்திரமாக வைத்திருப்பீர்கள், எடுத்துப் பாருங்கள்.